செவிவழி

துளைப்பானின் சத்தம்
பல் மருத்துவரிடம் கேட்கும் அதே சத்தம்தான்.
காதுக்குப் பின்னே, உடம்பிலேயே கெட்டியான எலும்பில்
அரிசிமணி ஆழம் போதும் என்றாள் ஆனெக்கா.
மாவு உதிர்ந்தது. ஒரு சிட்டிகை.

நான் லெய்பக்கோவா. எஃபாட்டே தீவில்
சல்லடை பிடிக்கிற வேலை.
விரிகுடா மேட்டில் மூன்று பருவம் தோண்டினோம்.
கிடந்தவர்கள் யாருக்கும் தலை இல்லை.
புதைத்துவிட்டு, சதை கரைந்தபின் திரும்பி வந்து
தலையை மட்டும் எடுத்துப் போயிருக்கிறார்கள்
அவர்களுடைய ஆட்களே.
எங்கே வைத்தார்களோ.
சீப்புப் பல்லால் குத்தியது போல் வரிவரியாய்
கோலமிட்ட ஒரே ஒரு பானையில்
ஒரே ஒரு மண்டையோடு.
அதைத்தான் துளைத்தோம்.

பதினொரு மாதம் கழித்து விடை வந்தது,
போர்ட் விலா சந்தையில் நான்
சேப்பங்கிழங்குக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது.
பானைக்காரர்கள் உங்கள் முன்னோர் இல்லை.
ஏறக்குறைய இல்லை, என்று அடுத்த வரியில் திருத்தியிருந்தாள்.
மரியாதைக்காரி.
அவர்கள் இரத்தம் தைவான் பக்கம்.
உங்களுடையது பிறகு வந்த படகுகளில்,
நியூ பிரிட்டன் பக்கமிருந்து.

சரி.
அப்படியானால் இந்த ‘இலிம்’ யாருடையது?
ஐந்துக்கு எங்கள் ஊரில் இலிம்.
தைவான் மலைக்காரர்களுக்கு லிமா.
எத்தனையோ தீவுகளில் கைக்கும் அதே சொல்.
பானைக்காரர்கள் விரல் மடக்கி எண்ணிய எண்ணை
இன்னும் மடக்கிக்கொண்டிருக்கிறேன்
வேறு கையால்.

எப்படி நடந்தது என்று அறிக்கையில் இல்லை.
நானாக யோசித்துப் பார்க்கிறேன்:
படகிலிருந்து இறங்கிய ஒருவன் தண்ணீர் கேட்கிறான்.
கரையில் யாரும் அசையவில்லை.
கையைக் குவித்துக் காட்டுகிறான்.
ஒருத்தி சிரிக்கிறாள், சொல்லைச் சொல்கிறாள்.
அவன் தப்பாகச் சொல்கிறான்.
மறுபடி சொல்லிக்கொடுக்கிறாள்.
அல்லது சிரிப்பே இல்லை.
தப்பாய்ச் சொன்னதற்கு அடி விழுந்திருக்கலாம்.

நாக்குக்கு நரம்பில்லை என்பார்கள்.
எலும்பும் இல்லை. சீக்கிரம் அழுகுவது அது.
செவிக்கோ இப்படி ஒரு பெட்டகம்,
மூவாயிரம் மழைக்காலம் நனைந்தும் கெடாதது.
அதற்குள் எவ்வளவு போயிருக்கும்:
தாலாட்டு, வசவு, படகு கவிழ்ந்த அன்றைய கூச்சல்,
யாரோ யாரையோ கூப்பிட்ட பெயர்.
அரைத்துப் பார்த்தோம்.
பூட்டனுக்குப் பூட்டன் கிடைத்தான்.
ஒரு சொல் கிடைக்கவில்லை.

என் வீட்டுக்காரன் நகாட் தன்னா தீவு.
அவன் தாய் பேசுவது எனக்குப் பாதி காற்று.
என் தாய் பேசுவது அவனுக்கு முழுக் காற்று.
நாங்கள் சண்டை போடுவது பிஸ்லாமாவில்.
கரும்பு வெட்ட குவீன்ஸ்லாந்துக்குக் கப்பலேற்றப்பட்டவர்கள்
முதுகில் தழும்பும் வாயில் இதுவுமாய்த்
திரும்பி வந்தார்கள்.
மகள் அதில்தான் கனவு காண்கிறாள்,
தூக்கத்தில் உளறுவதை நான் கேட்டிருக்கிறேன்.
அந்தக் கப்பல்காரர்களின் இரத்தம்
அவளிடம் ஒரு துளி கிடையாது.
நாளை எவளோ அவள் காதைத் துளைத்தால்
என்னைக் காண்பாள், நகாட்டைக் காண்பாள்,
சண்டை எந்த மொழியில் என்று
எப்படிக் காண்பாள்?

மண்டையோடு திரும்பி வந்தது, ஒரு நுரைப்பெட்டியில்,
விமான நிலைய ஒட்டுத்தாள் சகிதம்.
அதே மேட்டில் குழி.
தலைவர் ஜெபம் சொன்னார், பாதிரி சொன்னதுபோல்.
எனக்கு ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது.
சொந்தக்காரி இல்லை என்று தாளில் இருக்கிறது.
மன்னிப்பு என்பதற்கு அவர்கள் சொல் தெரியாது.
தெரிந்ததைச் சொன்னேன்,
துளைபட்ட காதின் அருகில் குனிந்து,
ஒவ்வொரு கை மணலுக்கும் ஒன்றாக:
இஸ்கெய், இன்ரு, இதோல், இபாட், இலிம்.
உச்சரிப்பு எவ்வளவு விலகியிருக்கும்?

பக்கத்தில் நின்ற மகள்
நான் தடுமாறுகிறேன் என்று நினைத்து
என் சட்டையை இழுத்து
‘ஃபைவ்’ என்றாள்.
மெதுவாக, சொல்லிக்கொடுக்கும் குரலில்,
இன்னொரு முறை.